வலி நின்றது வேறு, நோய் நின்றது வேறு: பல்லுக்கும் தாடைக்கும் அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நம் பழையசீவரத்தில் பல்வலிக்கென்று ஒரு வைத்திய முறை இருக்கிறது. முதல் நாள் கிராம்பு. மறுநாள் மருந்துக்கடையில் "பல்வலிக்கு ரெண்டு செட் குடுங்க" என்று கேட்டு வாங்கும் மாத்திரை. அதற்கு அடுத்த நாள் வலி அடங்கிவிட்டால் "சரியாப் போச்சு" என்று நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ கிளம்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே பக்கம் கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

சொத்தை உள்ளே இறங்கி நரம்பைத் தொடும்போதுதான் அந்த உயிர் போகிற வலி வருகிறது. நரம்பு செத்துவிட்டால் வலியும் நின்றுவிடும். கிருமி மட்டும் நிற்காது. வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி, அங்கே சீழ்க்கட்டியாகக் குடியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், வலி நின்றது வேறு, நோய் நின்றது வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

1. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்று பார்

வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். பொங்கலன்று ஒரே மூச்சில் சாப்பிடும் சர்க்கரைப் பொங்கலைவிட, காலை முதல் இரவு வரை இடைவிடாமல் குடிக்கும் சர்க்கரை போட்ட டீயும், கூடவே தொட்டுத் தின்னும் பிஸ்கட்டும்தான் பல்லுக்கு எமன். எச்சிலுக்கு மூச்சு விட நேரமே கிடைப்பதில்லை.

இனிப்பை சாப்பாட்டோடு சேர்த்து முடித்துவிடு. நடுவில் பசித்தால் வேர்க்கடலை, கொய்யா, சுண்டல் கொடு. பிள்ளைகள் எதைத் தின்றாலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கப் பழக்கு. பால்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடாதே. மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து உதிர்வதற்கு அதுதான் பெரிய காரணம்.

2. துலக்குவதில் இரவுதான் முக்கியம்

காலையில் துலக்காதவர் யாரும் இல்லை. இரவில் துலக்குகிறவர்தான் இல்லை. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால், பல்லில் ஒட்டிய சோறும் இனிப்பும் ராத்திரி முழுவதும் கிருமிக்கு விருந்து. ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடு என்றுகூடச் சொல்வேன்.

மிருதுவான பிரஷ் வாங்கு. 3 மாதத்துக்கு ஒரு முறை மாற்று. ஃபுளோரைடு 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கும் பேஸ்ட் போதும். விலை உயர்ந்தது தேவையில்லை. 3 வயதுக்குக் கீழ் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு. 2 நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, அதற்குமேல் வாயை அலசு அலசென்று அலசாதே. ஃபுளோரைடு கொஞ்சம் பல்லில் தங்க வேண்டும்.

செங்கல் தூள், அடுப்புக்கரி, உமிச்சாம்பல் இவற்றால் தேய்த்தால் பல் வெளுத்தது போல் தெரியும். உண்மையில் எனாமல் தேய்ந்து, ஈறோரம் பள்ளம் விழும். பிறகு மோர் குடித்தாலே கூசும். வேப்பங்குச்சியை விட மாட்டேன் என்கிற பெரியவர்கள் நுனியை நன்றாக மென்று பிரஷ் மாதிரி ஆக்கிக்கொண்டு மெதுவாகத் துலக்கட்டும். ஈறைக் குத்திக் கிழிக்க வேண்டாம். சுட்ட புகையிலையைப் பொடித்துப் பல் தேய்க்கும் வழக்கம் நம் பாட்டிமாரிடம் இன்னும் இருக்கிறது. அதை மட்டும் கெஞ்சியாவது நிறுத்து.

சிலருக்குச் சிறு வயது முதலே பல்லில் பழுப்புப் பட்டை இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்க்கவும் கூடாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்து, பல் உருவாகும் வயதில் அதைக் குடித்ததன் விளைவு அது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இது பெரும் பிரச்சினை. 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதைக் குறைப்பதற்காகத்தான். அந்தக் கறையைப் பல் மருத்துவர் பூச்சு போட்டு மறைக்கலாம்.

3. பல்லில் பூச்சி கிடையாது

கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்கவைத்து, "இதோ பாரு பூச்சி" என்று காட்டுகிறவர்கள் இன்னமும் ஊர் ஊராக வருகிறார்கள். அங்கே விழுவது பல்லிலிருந்து வந்த பூச்சி இல்லை. சொத்தையை உண்டாக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. புகையின் சூட்டில் வலி கொஞ்ச நேரம் மரத்துப்போகலாம். ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும். பணத்தோடு சேர்ந்து நாளும் போய்விடும்.

4. ராத்திரியில் பல்வலி வந்தால்

வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளி. பல்லிடுக்கில் உணவு மாட்டியிருந்தால் நூலால் எடு. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு மட்டும் தொட்டு ஓட்டைக்குள் வை. ஈறில் பட்டால் வெந்துவிடும். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ் வை. தலையணையை உயர்த்திப் படு. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் போடலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. எருக்கம்பால் விடாதே, பல்லோடு ஈறும் நாக்கும் வெந்துபோகும். புகையிலையை அடக்காதே. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அழுத்தாதே, அங்கே புண்ணாகும். வீக்கத்தின் மேல் சூடான ஒத்தடம் கொடுக்காதே. மருந்துக்கடை 'செட்'டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழுங்காதே. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருப்பவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ஆபத்து. ஆன்டிபயாடிக் சீழைக் கொஞ்ச நாள் அடக்குமே தவிர, பல்லுக்குள் செத்துக் கிடக்கும் நரம்பை எட்டாது.

5. பிடுங்குவதா, வேர் சிகிச்சையா

சொத்தை மேலாக இருந்தால் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். ஒரே உட்காரலில் முடிந்துவிடும். நரம்பைத் தொட்டுவிட்டால் ரூட் கெனால் என்கிற வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்து, மேலே கேப் போடுவார்கள். கேப் போடாமல் விட்டால், கடைவாய்ப் பல் ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும். பணத்துக்குத் தயங்கி அந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

வேர் மட்டும் மிஞ்சியிருந்தாலோ, எலும்பு கரைந்து பல் ஆடினாலோதான் பிடுங்க வேண்டும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது வெறும் பயம். கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு.

பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை கடித்துக்கொண்டிரு. அன்று முழுவதும் துப்பாதே, உறிஞ்சிக் குடிக்காதே, சூடாகச் சாப்பிடாதே. பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாள் காது வரை குடைகிற வலி வரும். 24 மணி நேரம் கழித்து உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை இவை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல். நீயாக எதையும் நிறுத்தாதே. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுப்படுத்தும் ஊசி அல்லது மாத்திரை எடுப்பவர்கள் அதையும் அவசியம் சொல்ல வேண்டும். அவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவது உண்டு.

பிடுங்கிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டால் பக்கத்துப் பல் சாயும். எதிர்ப் பல் இறங்கும். கடி மாறித் தாடையிலும் சுமை ஏறும். பல் கட்டிக்கொள்வது அழகுக்கு மட்டும் இல்லை. கழற்றி மாட்டும் பல்செட் என்றால் இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வை.

6. ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதே

ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் பிரஷ் படாமல் விட்டால் அழுக்கு இன்னும் சேரும். அது இறுகிக் கல்லாகி ஈறுக்கடியில் இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கும். இதில் வலி கிடையாது. அதனால்தான் நாற்பது வயதில் நல்ல பல்லே ஆடி விழுகிறது.

பல்லைச் 'சுத்தம்' செய்தால் பல் ஆடும் என்று உன் மாமியார் சொல்வார். கல்லை எடுத்ததும் அது அடைத்திருந்த இடம் காலியாகத் தெரிகிறது, கொஞ்ச நாள் கூசுகிறது, அவ்வளவுதான். ஆட்டம் முன்பே வந்துவிட்டது. கல் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். அப்போது பல் சிகிச்சையே கூடாது என்பது தவறு. 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம். சீழ் கட்டினால் எந்த மாதமானாலும் போய்க் காட்டு. பிள்ளைக்குப் பல்லிலிருந்து சுண்ணாம்புச்சத்து போய்விடுவதால் பல் விழுகிறது என்பதும் நிஜமில்லை.

7. பிள்ளைகள் விஷயம்

"பால் பல்தானே, விழப்போகுது" என்று சொத்தையை விடாதே. கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. முன்னாடியே போய்விட்டால் புதுப் பல்லுக்கு இடம் இல்லாமல் கோணல்மாணலாக முளைக்கும். இன்னொன்று: 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிலைப் பல். அதையும் பால் பல் என்று நினைத்துப் பறிகொடுத்த வீடுகள் எத்தனையோ.

நாலைந்து வயதைத் தாண்டியும் விரல் சூப்பினாலோ, எப்போதும் வாயைத் திறந்தே மூச்சு விட்டாலோ மேல்தாடை குறுகிப் பல் முன்னே தள்ளும். மூக்கடைப்பு, சதை வளர்ச்சி இருக்கிறதா என்று காட்டு. 7 வயதில் ஒரு தடவை பல் வரிசையைக் காட்டிவிடுவது நல்லது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். அன்றைக்குப் பிள்ளையை லீவு போடவைக்காதே.

விளையாட்டில் நிலைப் பல் முழுசாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடு. மண் இருந்தால் தண்ணீரில் லேசாகக் காட்டு, தேய்க்காதே. முடிந்தால் அதே குழியில் பொருத்திக் கடிக்கச் சொல். முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போ. மறுபடி பொருத்தி அது ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பால் பல்லுக்கு இது வேண்டாம்.

இப்போது சொல்வதை மட்டும் மறக்காதே. குழந்தை மோவாய் அடிபட விழுந்தால், கிழிந்த இடத்தில் தையல் போட்டதோடு விட்டுவிடாதே. அடி மோவாயில் பட்டாலும் எலும்பு முறிவது காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில். கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போய், பிள்ளை வாய் திறக்க முடியாமல், கீழ்த்தாடை வளராமல், முகமே ஒரு பக்கம் கோணிவிடும். அதற்கு அப்புறம் பெரிய அறுவை சிகிச்சைதான். விழுந்த பிறகு கடி மாறியிருந்தாலோ, வாய் திறக்கும்போது மோவாய் ஒரு பக்கம் இழுத்தாலோ, காதருகே அழுத்தினால் அழுதாலோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்.

8. வாய் திறந்தால் 'டக்' சத்தம்

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடு. அசைவது தெரிகிறதா? அதுதான் தாடை மூட்டு. இரண்டு எலும்புக்கும் நடுவில் சும்மாடு போல ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. அது நழுவி ஏறும்போதுதான் அந்தச் சத்தம். வலி இல்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. வலி இருந்தாலோ, பாதியில் மாட்டிக்கொண்டாலோ, காலையில் தாடை இறுகிக் கிடந்தாலோ கவனிக்க வேண்டும்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, மனக்கவலை, ஒரே பக்கம் மெல்வது, பழைய அடி, மூட்டுவாதம் இவையெல்லாம் காரணம். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பொங்கல் சமயம் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு வந்து இறங்கும்போது, ஊரே கரும்பைக் கடைவாயில் வைத்து இழுத்துக் கிழிக்கும். ஏற்கெனவே நொந்த மூட்டுக்கு அது ஆகாது. கரும்பைத் துண்டு போட்டுச் சாப்பிடு.

வலி இருக்கும் இரண்டு வாரம் குழைந்த சோறு, இட்லி, கேழ்வரகுக் கூழ் என்று மிருதுவாகச் சாப்பிடு. வெந்நீரில் பிழிந்த துணியைக் காதருகே 10, 15 நிமிடம் வை. இங்கே சூடு நல்லது. பல் வீக்கத்துக்குத்தான் ஆகாது. கொட்டாவி வரும்போது மோவாய்க்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கு. சும்மா இருக்கும்போது உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேர வேண்டாம். பெரும்பாலோருக்கு இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து தருவார்கள், பயிற்சி சொல்லித் தருவார்கள். அறுவை சிகிச்சை வரை போவது வெகு சிலருக்கே.

கடைசியில் முளைக்கும் ஞானப் பல்லும் 17 வயதிலிருந்து 25 வயது வரை தாடையைப் படுத்தும். இடமில்லாமல் பாதி முளைத்து, மேலே மூடிய சதையில் சோறு மாட்டிச் சீழ் பிடிக்கும். காது வலி என்று காது டாக்டரிடம் போகிறவர்கள் உண்டு. அடிக்கடி வந்தால் எடுத்துவிடுவதே மேல்.

9. திறந்த வாய் மூடவில்லை என்றால்

பெரிய கொட்டாவியில் தாடை மூட்டு இடம் பெயர்ந்து வாய் அப்படியே நின்றுவிடும். பேச முடியாது, எச்சில் வழியும். பயப்படாதே. யாரையும் குத்தவோ அறையவோ விடாதே. மோவாயைத் துணியால் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் கட்டைவிரலால் கடைவாய்ப் பற்களை அழுத்திக் கீழே இறக்கிப் பின்னால் தள்ளினால் உட்கார்ந்துவிடும். சீக்கிரம் போனால் சுலபம்; நாள் தள்ளினால் மயக்க மருந்து வேண்டியிருக்கும்.

பைக்கிலிருந்து விழுந்து பல் கடி பொருந்தாமல் போனாலோ, கீழுதடு மரத்துப்போனாலோ தாடை முறிந்திருக்கலாம். மேல் கீழ் பற்களைக் கம்பியால் கட்டியோ, எலும்பில் தகடு வைத்தோ சேர்ப்பார்கள். சில வாரம் கஞ்சிதான். உன் வீட்டுக்காரரிடம் சொல், முகத்தையும் மூடும் ஹெல்மெட்தான் தாடையைக் காக்கும்.

10. மூன்று விரல் சோதனை

வாயைப் பெரிதாகத் திறந்து, உன்னுடைய மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக நுழைத்துப் பார். நுழைந்தால் நல்லது. வீட்டில் பாக்கு, மாவா, குட்கா போடுகிறவர்களைக் கட்டாயம் செய்து பார்க்கச் சொல். முன்பு நுழைந்தது இப்போது இரண்டு விரல்தான் என்றாலோ, காரம் பட்டாலே வாய் எரிந்தாலோ, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் மாதிரி இறுகியிருந்தாலோ, அது பாக்கினால் வரும் நோய். இறுகிய சதை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. ஆனால் அன்றே பாக்கை விட்டால் மேலே இறுகுவதைத் தடுக்கலாம். ஊசியும் வாய் திறக்கும் பயிற்சியும் உதவும்.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்பது சமாதானம் ஆகாது. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லியாயிற்று. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013இல் தடை போட்டார்கள். கடை மறைவில் கிடைக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

வாய்ப்புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், காரணமில்லாமல் ஒரு பல் ஆடினால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லை என்று சும்மா இருக்காதே. இங்கே வலி கடைசியில்தான் வரும். காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இருக்கிறது. நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்.

11. பல்லில் இல்லாத பல்வலி

நடக்கும்போது, படி ஏறும்போது கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைந்தால், கூடவே வியர்த்தால், மூச்சு முட்டினால், அது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். பல் டாக்டரைத் தேடாதே, 108ஐக் கூப்பிடு.

முகம் கழுவும்போதும் பல் துலக்கும்போதும் மின்சாரம் பாய்ந்தது போல் சில நொடி வெட்டி இழுத்தால் அது முக நரம்பு நோய். இதற்காக ஒவ்வொன்றாக நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையில் அடங்கும். சளி பிடித்த சமயம் மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து வலித்து, குனிந்தால் கனத்தால், அது சைனஸ்.

12. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதது

பல்வலிக்குப் பின் தாடைக்கு அடியிலோ கழுத்திலோ கல் மாதிரி வீங்கி, காய்ச்சலோடு நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. சீழ் மூச்சுக்குழாய்ப் பாதையை அடைக்கிறது. கண்ணைச் சுற்றி வீங்கினாலும் அப்படியே. விடியட்டும் என்று இருக்காமல் 108இல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

13. எங்கே போவது

"பல்லுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சங்கதி சொல். நமக்கு எதிர்க்கரையில், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. அங்கே வீரசோழன் என்ற பெயரில் 15 கட்டில் போட்ட ஆதுலர் சாலை இருந்தது. மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் தனியாக ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் நெல் அளந்திருக்கிறார்கள். படிப்பும் பழக்கமும் உள்ளவரிடம் உடம்பைக் காட்டுவது இந்த ஆற்றங்கரைக்குப் பட்டணத்திலிருந்து வந்த புதுப் பழக்கம் இல்லை.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டு. அங்கே பல் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவை. அதற்கு மேல் ஒரு பக்கம் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனை, மறுபக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தவர்களுக்கு உத்திரமேரூர். தாடை மூட்டு, முறிவு, ஞானப் பல் போன்ற பெரிய வேலைகளுக்கு சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1953 முதல் இருக்கிறது. திருமால்பூரிலிருந்து சென்னைக் கடற்கரை போகும் ரயில் நம் ஸ்டேஷனில் நிற்கும். அதில் ஏறினால் கோட்டை ஸ்டேஷனில் இறங்கு, எதிரிலேயே ஆஸ்பத்திரி. புறநோயாளி சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள் என்பதால் முதல் வண்டியைப் பிடி. பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, முதல்வர் காப்பீட்டு அட்டை மூன்றையும் கையோடு எடுத்துப் போ. அறுவை சிகிச்சை என்றால் காப்பீட்டில் வருமா என்று அங்கேயே கேட்டுக்கொள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய். பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பல் வரை பார். பெரியவர்களை மூன்று விரல் வைத்துப் பார்க்கச் சொல். கறுப்புப் புள்ளியோ, ஈறில் சீழ்க்கொப்புளமோ, ஆறாத புண்ணோ தெரிந்தால், வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காதே. திங்கட்கிழமை காலையிலேயே கூட்டிக்கொண்டு போ.